கண்டக்டரின் ஓசிப் பயணம்

ரூபாவதி இருந்த வரைக்கும் அந்த வீட்டில் ராத்திரி ஏழரை மணிக்கு மாற்றமே கிடையாது. அடுப்பில் சோறு கொதித்தாலும் சரி, வெளியே மழை கொட்டினாலும் சரி, ஏழரை ஆனால் பாய் விரிந்துவிடும். முதலில் பாட்டு, பிறகு வேதபாடம், அப்புறம் ஜெபம். பாடுவது அவள், வாசிப்பது அவள், ஜெபிப்பதும் அவள். கடைசியில் "ஆமென்" போடுவது மட்டும் புருஷன் கோயில்பிள்ளையின் இலாகா.

அதையும் அவர் ஒழுங்காகச் செய்ததில்லை. பேருதான் கோயில்பிள்ளை, கோயிலில் அவர் கண் திறந்திருப்பது பாட்டு நேரத்தில் மட்டும்தான் என்று ஊரே கேலி பேசும். பாவம், பஸ் கண்டக்டர். பகல் முழுக்க நின்றுகொண்டே பிரயாணம் பண்ணின கால்களுக்குப் பாயைக் கண்டால் போதும், சொக்கிவிடும். விழித்திருந்தால் நகம் வெட்டுவார். இல்லாவிட்டால் விசிலை எடுத்துச் சட்டை நுனியால் துடைப்பார். ரூபாவதி வாசித்துக்கொண்டே கால் பெருவிரலால் அவர் முழங்காலில் ஒரு இடி கொடுப்பாள். வாசிப்பு நிற்காது.

அந்த இடியில் திடுக்கிட்டு, பாதி வசனத்திலேயே அவர் "ஆமென்" என்று அலறிய நாட்களும் உண்டு. பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். அவளும் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குவாள். எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

பிள்ளைகள் வேலை தேடி ஆளுக்கொரு ஊருக்குப் போனார்கள். கோயில்பிள்ளை ஓய்வு பெற்றார். போன மழைக்காலத்தில் ரூபாவதி கண்ணை மூடினாள். ஏழரை மணி மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

அந்த ஊர்ச் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டு ஜெபம் நடக்கும். முறை வைத்து ஒவ்வொரு வீடாகப் போவார்கள். யார் வீட்டு முறையோ, அந்த வீட்டுக்காரர்தான் வேதபாடம் வாசித்து, நாலு வார்த்தை சொல்லி ஜெபிக்க வேண்டும். காலங்காலமாக உள்ள வழக்கம். ரூபாவதி போன பிறகு முதல் தடவையாகக் கோயில்பிள்ளை வீட்டு முறை வந்தது.

அவர் சபையை நடத்தும் உபதேசியாரைத் தேடிப் போனார்.

உபதேசியார் இயேசுவடியான் அவரைவிடப் பத்து வயது இளையவர். அதிகம் பேசமாட்டார். வீட்டில் வடித்த சோறு ஆறுவதற்குள் பிரசங்கத்தை முடித்துவிடுவார் என்று பெண்களிடம் அவருக்கு நல்ல பெயர். அன்று ஆலயத்து முற்றத்தில் வேப்பஞ்சருகைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி."

"என் வீட்டை முறையில இருந்து எடுத்துருங்க ஐயா."

"இந்த வாரமா?"

"எப்பவுமே."

உபதேசியார் வாரியலைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"ஏன்?"

"விசுவாசம் உள்ள வீட்டுல ஜெபம் வைக்கலாம். அங்க இப்ப நான் மட்டுந்தான இருக்கேன்."

உபதேசியார் படியில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் காட்டினார். கோயில்பிள்ளை உட்கார்ந்தார்.

"நான் கண்டக்டரு ஐயா. ஓசியில ஏறினவன் மொகத்தைப் பாத்தாலே எனக்குத் தெரியும். டிக்கெட் எடுத்தவன் பக்கத்துல ஒட்டிக்கிட்டு, அவன் கூட வந்த ஆளு மாதிரியே நிப்பான். நானும் அப்படித்தான் வந்திருக்கேன். டிக்கெட் எடுத்தது அவ. நான் சும்மா ஒட்டிக்கிட்டு வந்தேன். இப்ப அவ எறங்கிட்டா."



"அக்காவோட வேதத்தை எடுத்து வாசிச்சுப் பாத்தியளா?" என்று கேட்டார் உபதேசியார்.

"தெனமும் எடுக்கேன். எழுத்து தெரியுது, ஒண்ணும் மனசுல ஒட்டல. அவ ஜெபம் பண்ணினா மேல போவும். நான் பண்ணினா கூரையைத் தாண்ட மாட்டேங்கு."

"ம்."

"உள்ள ஒண்ணுமில்லாம நாலு பேருக்கு முன்னால வாசிக்க எனக்கு மனசில்ல. மக வந்துரச் சொல்லுதா. வீட்டைப் பூட்டிட்டு அவகிட்டப் போயிரலாம்னு இருக்கேன். அங்க நான் கோயிலுக்குப் போவலன்னாலும் ஏன்னு கேக்க ஆளில்ல."

"சரி," என்றார் உபதேசியார். "எடுத்துருதேன்."

கோயில்பிள்ளைக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கேட்கப் போனது கிடைத்துவிட்டது என்றாலும், ஒரு பேச்சுக்காவது தடுப்பார் என்று அவர் உள்ளூர எதிர்பார்த்திருந்தார். இரண்டு வார்த்தை சண்டை போட்டால் மனசு ஆறும். இந்த மனுஷன் அதற்கும் வழி வைக்கவில்லை.

"அக்கா வேதத்தை ஒரு தடவ பாக்கணும். உங்க கூட வரட்டா?" என்றார் உபதேசியார்.

"அதுக்கென்ன, வாங்க."

வீட்டில் கோயில்பிள்ளையே பாயை விரித்தார். ரூபாவதி பழைய சேலைத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்த வேதம், அலமாரியில் இருந்தது. உபதேசியார் அதை வாங்கி, ஆபகூக்கு தீர்க்கதரிசியின் ஜெபத்தை எடுத்து, சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். அத்திமரம் பூக்காமல் போனாலும் என்கிற இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

கோயில்பிள்ளை காத்திருந்தார். உபதேசியார் வாய் திறப்பதாக இல்லை. நடுரோட்டில் பஸ் நின்றால் எந்தக் கண்டக்டருக்கும் பொறுக்காது.

"திராட்சையில பழம் இல்லாட்டாலும்," என்று எடுத்துக் கொடுத்தார்.

உபதேசியார் தலை நிமிரவில்லை.

"ஒலிவமரம் ஏமாத்திட்டாலும். வயலு வெளையலன்னாலும். கிடையில ஆடு இல்லாமப் போனாலும். தொழுவத்துல மாடே இல்லாட்டாலும்..."

அங்கே நின்றார்.

"மேல?" என்றார் உபதேசியார்.

"பொறுங்க. இந்த எடத்துல அவ ஒரு மூச்சு விடுவா."

ஆபகூக்கின் தொழுவத்தைப் போலத்தான் அந்த வீடும் வெறுமையாகக் கிடந்தது.

"ஆனாலும்," என்றார் கோயில்பிள்ளை. "ஆனாலும் நான் கர்த்தருக்குள்ள சந்தோசமா இருப்பேன்."

உபதேசியார் பக்கத்தைப் புரட்டினார். வீட்டின் மேல் ஒற்றையாக உட்கார்ந்திருக்கும் குருவியின் சங்கீதத்தைப் பாதி வாசித்து நிறுத்தினார். மீதியைக் கோயில்பிள்ளை சொன்னார். சாரிபாத் ஊர் விதவை விறகு பொறுக்கிக்கொண்டிருந்ததை வாசித்து நிறுத்தினார். அவள் பானையில் எவ்வளவு மாவு இருந்தது, கலயத்தில் எவ்வளவு எண்ணெய் இருந்தது என்று கோயில்பிள்ளை சொன்னார். பவுல் சிறைச்சாலையிலிருந்து எழுதினதில் ஒரு வரியை எடுத்தார். அடுத்த வரியைச் சொல்லும்போது கோயில்பிள்ளையின் கை தன்னையறியாமல் வலது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தது.

"நான் கேக்கவே இல்லையே ஐயா!" என்றார். "தூங்கிக்கிட்டுல்லா இருந்தேன்!"

"ஆமா, ஊருக்கே தெரியும்," என்றார் உபதேசியார்.

கோயில்பிள்ளை சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அழத் தொடங்கினார். கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் தாங்கிப் பிடித்து நின்ற அன்றுகூட அவர் இப்படி அழவில்லை. அவள் இருமின இருமல், சங்கீதத்தில் நிறுத்தக் குறியாக "சேலா" வந்தால் அதைச் சொல்லாமல் தாண்டுகிற பழக்கம், பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று இரண்டு தடவை வாசிக்கிற வரி, எல்லாம் ஒவ்வொன்றாக நினைவில் வந்தன. உபதேசியார் எழுந்து போகாமல் கூடவே உட்கார்ந்திருந்தார்.

அழுது முடித்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார் கோயில்பிள்ளை. ஆனால் கண்டக்டர் அல்லவா, லேசில் விடமாட்டார்.

"இதுவும் அவ சேத்து வச்சதுதான ஐயா? எனக்குள்ள கேக்கது அவ கொரலு. அவகிட்ட ஆண்டவர் பேசினாரு, சரி. என்கிட்ட ஒரு நாளாவது, ஒரு வார்த்தையாவது பேசியிருக்காரா? பேசியிருந்தா நான் ஏன் வீட்டைப் பூட்டிட்டுப் போறேன்?"

உபதேசியார் வேதத்தை மூடி, அவர் மடியில் வைத்தார்.

"இத்தன வருசமும் இந்த வீட்டுல அக்கா கொரல்ல பேசினது யாருன்னு நெனச்சிய, அண்ணாச்சி?"