எட்டா, பதினாறா?

"அம்மா, மனசுல நிம்மதியே இல்லை" என்றான் தணிகாசலம்.

மலையடிவார மடத்தின் தலைவி அங்கயற்கண்ணி அம்மையார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அவனைவிட வயதில் சின்னவர்.

"என்ன குறை?"

"கம்ப்யூட்டர் வாங்கணும். எந்த ப்ராசஸர் போடறதுன்னு தெரியலை. எட்டு கோரா, பதினாறு கோரா?"

முறம் நின்றது. மரணம், மறுபிறவி, மாமியார் என்று எத்தனையோ கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்ததுண்டு. இது புதுசு.

"கோர்னா?"

"ப்ராசஸருக்குள்ள வேலை செய்யற கைகள்னு வச்சுக்குங்க."

"கம்ப்யூட்டர் எதுக்கு?"

"கேம் விளையாட. விளையாடும்போதே பாட்டு ஓடணும், தம்பிகிட்ட பேசணும், ஆட்டம் வீடியோவாப் பதிவாகணும்."

"இப்ப எதுல விளையாடறீங்க?"

"பழசை வித்துட்டேன். வித்துட்டா சீக்கிரம் முடிவெடுப்பேன்னு நினைச்சேன்."

"எப்போ வித்தீங்க?"

"தீபாவளிக்கு முன்னாடி."

மடத்து மாமரம் காய்த்து ஓய்ந்து, அடுத்த தளிர் விட்டிருந்தது.

அம்மையார் சீடர்களை அழைத்தார். எட்டுப் பேர் வந்தார்கள். ஊசியையும் நூலையும் நீட்டினார்.

"எல்லாரும் சேர்ந்து கோருங்க."

ஒருவர் ஊசியைப் பிடித்தார். ஒருவர் நூல் நுனியை எச்சிலில் நனைத்தார். ஒருவர் வெளிச்சத்தை மறைத்தார். மற்றவர்கள் யோசனை சொன்னார்கள். ஊசி கீழே விழுந்தது. எட்டுப் பேரும் குனிந்தார்கள். மண்டைகள் மோதின.

கடைசியில் குள்ளமாக இருந்த ஒரு பெண் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு தனியே போய், ஒரே மூச்சில் கோர்த்துக் கொண்டுவந்தாள்.

அடுத்து ஒரு மூட்டை சின்ன வெங்காயம் வந்தது. எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். தணிகாசலத்தின் மடியிலும் ஒரு குவியல் விழுந்தது. கண்ணீர் வற்றுவதற்குள் மூட்டை காலி.

தணிகாசலம் துள்ளி எழுந்தான்.

"புரிஞ்சது அம்மா! ஊசிக்கு வேகமான ஒரு கை போதும். வெங்காயத்துக்குத்தான் நிறைய கை. கேம் ஊசி மாதிரி, வீடியோப் பதிவு வெங்காயம் மாதிரி. அப்போ வேகமான எட்டு கோரே எனக்குத் தாராளம்!"

"நான் ஒண்ணும் சொல்லலையே. கிழிசல் தைக்கணும். நாளைக்கு அன்னதானம், சாம்பாருக்கு வெங்காயம் வேணும்."

அவன் அம்மையார் காலில் விழுந்தான். எழுந்தான். நின்றான்.

"ஆனா அம்மா, தை மாசம் புதுசு ஒண்ணு வருதாம். அதுவரைக்கும் பொறுத்துப் பார்க்கலாமா?"

அம்மையார் முறத்தைக் கீழே வைத்தார்.

"தம்பி எங்கே இருக்கார்?"

"மஸ்கட்ல. பேரு சிவநேசன். வெள்ளிக்கிழமைதான் லீவு, அன்னிக்குத்தான் சேர்ந்து ஆடுவோம். வாராவாரம் போன் போட்டு, 'வாங்கிட்டியாண்ணே?'ன்னு கேப்பான்."

"போன வெள்ளிக்கிழமை என்ன கேட்டார்?"

தணிகாசலம் யோசித்துப் பார்த்தான்.



"போன வாரம் கூப்பிடலை."

"அதுக்கு முந்தின வெள்ளி?"

அவன் போனை எடுத்துத் தேடினான். விரல் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனது. ப்ராசஸர் பற்றி அவன் தம்பிக்கு அனுப்பிய வீடியோக்கள் வரிசையாக வந்தன. ஒன்றுக்கும் பதில் இல்லை.

அவன் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான்.

கடைக்காரர், "எது வேணும் சார்?" என்றார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எதை மாட்டித் தருவீங்க?"

வெள்ளிக்கிழமை அவனே கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது தம்பி எடுத்தான். முதலில் பேச்சு ஒட்டவில்லை. "ஆடலாமாடா?" என்று இவன் கேட்டான். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

ஆட்டம் தொடங்கியது. இருவரும் இடிந்த கோட்டை ஒன்றுக்குள் துப்பாக்கியோடு நுழைந்தார்கள்.

"ஆமா, கடைசியில எதைத்தான்ணே வாங்கினே?"

தணிகாசலத்துக்கு முகம் மலர்ந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அதாவதுடா, ஒரு ஊசியை எடுத்துக்கோ..."

"அண்ணே, பின்னாடி பாரு!"

பார்ப்பதற்குள் செத்துப்போனான். மஸ்கட்டில் சிவநேசன் விழுந்து விழுந்து சிரித்தான்.