ஒரு ஈடு இட்லி

மருதவாணன் பெரிய கம்பெனி ஒன்றில் ஆட்களைத் தரம் பிரித்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற கையோடு மலையடிவார மடத்துக்கு வந்து, தம்மைவிட வயதில் இளைய சாமிக்குச் சீடரானார். வேலையை விட்டாரே தவிர பழக்கத்தை விடவில்லை. மடத்தில் கூட்டம் சேரவும், "நீங்களே ஒழுங்கு பண்ணுங்க" என்று சாமி சொல்லிவிட்டார். போதாதா?

காலைக் கூட்டத்தை மூன்றாகப் பிரித்தார். பழைய சீடர்கள் முன்னால். கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு மட்டும். நடுவில் இருப்பவர்கள் தலையாட்டலாம். புதியவர்கள் கடைசி, ஒரு வருஷத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது.

"இந்த மாதிரி அடுக்கை இங்கிலீஷ்ல டியர்னு சொல்லுவாங்க சாமி," என்றார் பெருமையாக. "ஊருங்களுக்கு உண்டு, முதல் டியர், ரெண்டாம் டியர்னு. ஸ்டேடியத்துல சீட்டுக்கும் உண்டு, கல்யாண கேக்குக்கும் உண்டு. எங்க கம்பெனியில ஆளுங்களுக்கே உண்டு."

"இட்லிக் கொப்பரைக்கு?" என்றார் சாமி.

மருதவாணன் யோசித்தார். "அடுக்குன்னு பார்த்தா, அதுவும்தான்."

கடைசி வரிசையில் பவளக்கொடி இருந்தாள். மகனைப் பறிகொடுத்துவிட்டு, சாமியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வந்தவள். இரண்டு முறை எழுந்தாள். இரண்டு முறையும் மருதவாணன் கையமர்த்திவிட்டார். அதற்குப் பிறகு அவள் எழவில்லை. ஒரு நாள் காலையில் பையும் கையுமாக வந்து, ஊருக்குக் கிளம்புவதாகச் சொன்னாள்.

"சாப்பிட்டுப் போம்மா," என்றார் சாமி. பிறகு திரும்பினார். "மருதவாணரே, இன்னைக்கு இட்லி நீங்க ஊத்துங்க."

அவர் ஜென்மத்தில் இட்லி ஊற்றியதில்லை. ஆனாலும் ஒழுங்கில் குறை வைக்கவில்லை. குழிக்கு நேர் மேலே குழி வருகிற மாதிரி, நூல் பிடித்தாற்போலத் தட்டுகளை அடுக்கி மூடினார்.

வெந்ததும் திறந்து பார்த்தார்கள். மேல்தட்டு இட்லி பூப்போல இருந்தது. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் சப்பையாக நசுங்கிப்போயிருந்தது. சாமி அதில் ஒன்றை எடுத்து மருதவாணன் கையில் வைத்தார்.

"இது ஏன் இப்படி ஆச்சு?"

"மாவு உப்ப இடமில்ல சாமி. மேல்தட்டு அழுத்திடுச்சு."

சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. பவளக்கொடியின் பையைப் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நீங்க முன்னால வந்து உக்காருங்கம்மா. கேக்க வேண்டியதைக் கேளுங்க."

"முன்னால வேணாங்கய்யா," என்றாள் அவள். "இருக்கிற இடத்துலேருந்தே கேப்பேன். எழுந்தா உக்கார வைக்காம இருந்தாப் போதும்."

பையைக் கீழே வைத்தாள்.

மருதவாணன் சாமியிடம் திரும்பினார். "அடுக்கே வேணாம் சாமி. எல்லாத்தையும் கலைச்சுடறேன்."

சாமி அடுத்த ஈட்டுக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அடுக்காம இத்தனை பேருக்கு எப்ப வேகுறது? மேல்தட்டைக் கொஞ்சம் திருப்பி வைங்க."