கிரிப்பில் உடைந்தவை

கோபத்தோடு வருகிறவர்களைப் பேராசிரியர் ஜெசிந்தா உட்காரச் சொல்ல மாட்டார். நின்றபடியே பேசட்டும், சீக்கிரம் முடியும் என்பார். அன்று அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு அப்படி வந்தவர் அவரது மாணவர் தண்டபாணி. மாணவர் என்றாலும் வயதில் மூத்தவர். கோவையில் பம்பு கம்பெனி வேலையை உதறிவிட்டு, தலை நரைத்தபின் ஆராய்ச்சிக்கு வந்தவர்.

அவர் செய்திருந்தது லேசுப்பட்ட வேலையல்ல. கார்பன் இழைகளை அடுக்கி, இடையில் புதுவிதப் பிசின் ஊற்றி, ஒரு தகடு உண்டாக்கியிருந்தார். பிசினுக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள். தகட்டில் விரிசல் விழுந்தால் அங்கிருக்கும் குமிழ் உடைந்து, உள்ளே இருக்கும் திரவம் கசிந்து, விரிசலை மூடிவிடும்.

அந்தத் தகட்டில் ஒரு செயற்கைப் பாதமும் தயார். அதை முதலில் போட்டு நடக்கப் போகிறவர் பொன்னுசாமி, விபத்தில் காலை இழந்த பஸ் கண்டக்டர். மறுநாள் காலையில் வருவதாக இருந்தார். ஜெசிந்தா கையெழுத்துப் போட்டால்தான் அவருக்கு மாட்டலாம். ஜெசிந்தா போடவில்லை.

“ஏன் மேடம்?” என்றார் தண்டபாணி.

ஜெசிந்தா மேசைக்கடியில் இருந்த குப்பைத்தொட்டியை இழுத்துக் கவிழ்த்தார். முனையில் உடைந்த தகட்டுத் துண்டுகள் தரையில் சிதறின.

“இதெல்லாம் என்ன?”

தண்டபாணிக்குச் சுருக்கென்றது. சோதனை இயந்திரம் துண்டின் இரு முனைகளையும் இறுகக் கவ்வி, இழுத்து இழுத்து விடும். கவ்வுகிற தாடைக்கு கிரிப் என்று பெயர். நடுவில் உடைந்தால் அது துண்டின் வலுவைக் காட்டும். கிரிப்பில் உடைந்தால் அது இயந்திரத்தின் குற்றம். அதைக் கணக்கில் சேர்க்காமல் வீசிவிட்டு வேறொன்றை மாட்டுவார்கள். இந்தத் துறையில் எல்லோரும் செய்வதுதான்.

அதையே அவர் விளக்கினார். விளக்க விளக்கக் குரல் ஏறியது. தொட்டதற்கெல்லாம் குற்றம் பார்த்தால் எந்த ஆராய்ச்சிதான் கரையேறும் என்று கேட்டார். தனக்கே சந்தேகம் இருக்கிற விஷயத்தைச் சத்தம் போட்டுப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கே பற்றிக்கொண்டு வரும். ஜெசிந்தாவுக்குக் கேட்க வேண்டுமா?

அலமாரியிலிருந்து பாதத்தை எடுத்து வந்து மேசையில் ணங்கென்று வைத்தார். ஸ்பேனரால் கணுக்கால் போல்ட்டைக் கழற்றினார். போல்ட் இறுக்கியிருந்த இடத்தை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே தள்ளி, “பாருங்க” என்றார்.

தண்டபாணி குனிந்து பார்த்தார். இன்னும் யாரும் ஓரடிகூட நடக்காத பாதம். போல்ட்டை முறுக்கியபோதே அந்த இடத்துக் குமிழ்கள் நசுங்கி, திரவம் வடிந்து காய்ந்துபோயிருந்தது. இனி அங்கே விரிசல் விழுந்தால் மூடுவதற்கு ஒன்றும் இல்லை. கிரிப் இறுகக் கவ்விச் செய்ததைத்தான் போல்ட்டும் செய்திருந்தது.

அவர் நிமிர நேரமாயிற்று. கோபம் அப்போதும் போகவில்லை. கூடவே பயமும் சேர்ந்திருந்தது.

“பம்பு உடைஞ்சா தண்ணி வராது, அவ்வளவுதான்” என்றார் ஜெசிந்தா. “ஓடுற பஸ்ல ஒரு மனுஷன் இது மேல நிக்கப் போறார்.”

“கிரிப்ல உடைஞ்சது கொஞ்சந்தான் மேடம். முக்கால்வாசி தாங்குச்சு.”

“தாங்குச்சு. நான் இல்லைங்கலையே.”

“அப்புறம் என்ன? நடக்கப் போறேன்னு அவர் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கார். வராதீங்கன்னு எந்த வாயால சொல்றது? என்னைத் திட்டுங்க, பரவாயில்ல. அவருக்கு ஒரு வழி சொல்லுங்க.”

ஜெசிந்தா அலமாரியைத் திறந்தார். இன்னும் சோதிக்காத துண்டுகள் அங்கே அடுக்கியிருந்தன. இரு கைகளாலும் அள்ளி வந்து தண்டபாணியின் முன்னால் பரப்பினார். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே பளபளப்பு.

“இதுல கிரிப்ல உடையப் போறது எதுன்னு எடுத்துத் தனியா வைங்க. மிச்சத்துல அவருக்குக் கால் செஞ்சு, நானே மாட்டி விடுறேன்.”