டிராக்டருக்குப் பின்னால் ஒரு கை

கொன்றைக் காட்டில் டிராக்டர் வைத்திருந்த ஒரே ஆள் வேலாண்டிக் கரடிதான். பெரிய டிராக்டர் இல்லை, குட்டி டிராக்டர். வேலாண்டி ஏறி உட்கார்ந்துவிட்டால் டிராக்டர் எங்கே என்று தேடத்தான் வேண்டும்! ஆனாலும் உழவுக்குக் கெட்டி. பின்னால் கலப்பையை மாட்டிக் காலையில் இறங்கினால், பொழுது சாய்வதற்குள் வேலாண்டியின் மூன்று ஏக்கரையும் உழுதுவிடும்.

அந்த மூன்று ஏக்கரும் செம்மண். கிணறு கிடையாது, வானம் பார்த்த பூமி. ஆடியில் ஒரே ஒரு நல்ல மழை பெய்யும். மழை விட்டபின் மூன்று நாள் மண்ணில் ஈரம் நிற்கும். அதற்குள் உழுது கடலை விதைத்தால் உண்டு, விட்டால் அந்த வருஷம் அவ்வளவுதான்.

போன வருஷம் வேலாண்டி விட்டுவிட்டான். டிராக்டர் பழுதாகி நின்றுவிட்டது. அவனும் அவன் மனைவி அங்காயியும் இரண்டு குட்டிகளும் வருஷம் முழுக்கக் காட்டுக்கிழங்கைத் தின்று நாளை ஓட்டினார்கள். இப்போது கிழங்கைக் கண்டாலே குட்டிகள் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. இந்த வருஷம் எப்பாடு பட்டாவது விதைத்துவிட வேண்டும் என்று அங்காயி விதைக்கடலையை உரித்து மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

இதற்கு நடுவில் ஒரு தொல்லை. மழை பெய்தால் மேட்டுப் பாறையிலிருந்து வெள்ளம் இறங்கி வந்து மண்ணை அரித்துக்கொண்டு போகும். அதைத் திருப்பிவிட மேல் வரப்போரம் நாற்பதடி நீளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும். வேலாண்டி நகத்தாலேயே தோண்ட ஆரம்பித்தான். ஆறடி தோண்டுவதற்குள் ஒரு நகம் பெயர்ந்துவிட்டது. விரலை வாயருகில் வைத்து ஊதிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தபோது நல்லசிவம் வந்து சேர்ந்தான்.

நல்லசிவம் ஒரு நரி. விவசாயச் சாமான் விற்பது அவன் தொழில். பெயரில் மட்டும்தான் நல்லது இருந்தது!

"அடடா, என்னங்கண்ணா இது அநியாயம்! டிராக்டரை நிறுத்தி வச்சுட்டு வெறுங்கையால மண்ணு பறிக்கிறீங்களே!"

"டிராக்டர் உழும் தம்பி. குழி தோண்டுமா?"

"தோண்டும்! பின்னாடி ஒரு பொக்லைன் கை மாட்டிவிட்டா, நீங்க உட்கார்ந்த எடத்துல லீவரை அசைச்சா போதும். நாற்பதடி என்ன, நானூறடி தோண்டும். வெலையும் பெருசா ஒண்ணும் இல்லைங்கண்ணா. இந்த வருஷம் வெளையற கடலையில பாதி!"

அங்காயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பாதியா! ஒரு வாய்க்காலுக்கா?"

"அக்கா, நான் வாங்கச் சொல்லலியே. ஒரு வாரம் சும்மா வச்சுப் பாருங்க. புடிக்கலைன்னா நானே ஆளோட வந்து கழட்டிட்டுப் போயிடறேன்."

சும்மா என்ற சொல்லைக் கேட்டதும் வேலாண்டியின் காது இரண்டும் தூக்கிக்கொண்டன. அங்காயி அவனைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏனுங்க, மழை எப்ப வேணா வரும். அந்தக் கை பின்னாடி இருந்தா கலப்பையை எங்க மாட்டுவீங்க? உங்க முதுகுலயா?"

"அட, ஒரு வாரந்தானே புள்ளே. வானத்தைப் பாரு, ஒரு பொட்டு மேகம் இல்லை."

நரியும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆடி பிறக்க எத்தனை நாள் இருக்கிறது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் இரண்டு காட்டெருமைகள் அந்த இரும்புக் கையைச் சுமந்துகொண்டு வந்தன. கலப்பையைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் கையை மாட்டி, இரண்டு இரும்பு முளைகளை அடித்து இறுக்கின. எண்ணெய்க் குழாய்களைச் சொருகின. வேலாண்டி ஏறி உட்கார்ந்து லீவரை இழுத்தான். கை நீண்டது, மடங்கியது, ஒரு வாய் மண்ணை அள்ளி அந்தப் பக்கம் கொட்டியது.

"ஐயோ, அங்காயி! பாரு பாரு!"

பொய் சொல்லக்கூடாது, வேலை பிரமாதம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நாற்பதடி வாய்க்காலும் முடிந்துவிட்டது. வேலாண்டி அன்றைக்கே "ரொம்ப சந்தோசம், எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சொல்ல மனசு வரவில்லை. இன்னும் ஆறு நாள் இருக்கிறதே! சும்மா நிற்கும் கையைப் பார்த்தால் அவனுக்குக் கை அரித்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு குழி தோண்டினான். எதற்கு என்று அங்காயி கேட்டாள். "எதுக்காவது ஆகும்" என்றான். சாயங்காலம் ஒரு குட்டி அதில் விழுந்தது. அடுத்த நாள் அந்தக் குழியை மூடினான்.

அதற்குள் காடு முழுக்கச் சேதி பரவிவிட்டது. காட்டுப்பன்றி வந்தது. "மச்சான், எனக்குப் பொரள ஒரு சேத்துக்குழி வேணும். உங்ககிட்டத்தான் கை இருக்குதாமே!" மயில் வந்தது. "நான் ஆடற எடத்துல ஒரு கரையான் புத்து தடங்கலா இருக்குதுங்க." ஒரு முயல் வந்து ஒரு சின்ன வளை கேட்டது. வேலாண்டி கையின் நுனியில் இருந்த பக்கெட்டை ஒரே ஒரு தரம்தான் இறக்கினான். முயலுக்குக் கிணறு கிடைத்தது!

தினமும் நரி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். "பாருங்கண்ணா, காடே உங்களை நம்பித்தான் இருக்குது!"

கரடிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடலையில் பாதி போனால் போகட்டும் என்றுகூட மனசுக்குள் ஒரு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். அங்காயியிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை. அவ்வளவு தைரியம் அவனுக்குக் கிடையாது.

ஆறாம் நாள் மேற்கே மேகம் கறுத்தது.

"ஏனுங்க, போதும். அதைக் கழட்டிட்டுக் கலப்பையை மாட்டுங்க."

"பன்றி மச்சானோட குழி பாதியில நிக்குது புள்ளே. நாளைக்கு முடிச்சுட்டு மொத வேலையா அதான்."

"நாளைக்கு மழை உங்களைக் கேட்டுட்டா வரும்?"

மழை யாரையும் கேட்கவில்லை. ஏழாம் நாள் மத்தியானம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. புது வாய்க்கால் வெள்ளத்தை அழகாகத் திருப்பிவிட்டது. ஒரு பிடி மண் கரையவில்லை. வேலாண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அங்காயியைப் பார்த்தான். அங்காயி ஓரமாகக் கிடந்த கலப்பையைப் பார்த்தாள். வேலாண்டியின் நெஞ்சு தானாக இறங்கியது.

மறுநாள் விடிந்ததும் நரியின் வீட்டுக்கு ஓடினான். "தம்பி, வாரம் முடிஞ்சுது. வந்து கழட்டு. நான் உழணும்."

நரி சோம்பல் முறித்தான். "அடடா, எருமைங்க ரெண்டும் ஆத்துக்கு அந்தப்பக்கம் போயிருக்குதுங்களே. வர நாலு நாளாகும்."

"நாலு நாளா! ஈரம் மூணு நாளுதான்டா நிக்கும்!"

"அது எனக்குத் தெரியாதுங்களா? கையை வாங்கிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒரே ஓட்டமா ஓடிப்போய் எருமைங்களைக் கூட்டியாந்துடறேன். கழட்டி உங்க வீட்டோரமாவே வச்சுடலாம். யோசிச்சுப் பாருங்கண்ணா. பாதிக் கடலையா, ஒண்ணுமே இல்லாமையா?"

அப்போதுதான் கரடிக்கு எல்லாம் விளங்கியது. ஆடி மழையைக் கணக்குப் போட்டுத்தான் நரி அந்தக் கையை மாட்டிவிட்டிருக்கிறான்! "இரு, வீட்டுல கேட்டுட்டு வர்றேன்" என்று முனகிவிட்டுத் திரும்பினான்.

அன்றைக்கு முழுக்க அவனே கழற்றிப் பார்த்தான். முளையைப் பிடித்து இழுத்தான், உதைத்தான், திட்டினான். இரும்புக் கையின் பாரம் முழுவதும் அந்த முளைகளின்மேல்தான் இருந்தது. ஒரு நூல்கூட அசையவில்லை. உதவிக்கு ஆள் தேடி ஓடினான். பன்றி சேற்றில் கண்ணை மூடிப் படுத்திருந்தது. "இப்பத்தான் மச்சான் எறங்குனேன்" என்றது. மயில் மழை பெய்த குஷியில் ஆடிக்கொண்டிருந்தது. முயல் மட்டும் வாசலுக்கு வந்து பேசியது. "நல்லா இருக்குதுங்க நீங்க கட்டிக்கொடுத்த வீடு! கழுத்து வரைக்கும் தண்ணி நிக்குது. பேசாம போயிடுங்க!"

இரண்டாம் நாளும் வெயில் ஏறிவிட்டது. வேலாண்டி குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினான். இன்னும் ஈரம் இருந்தது, ஆனால் மேல்மண் வெளுக்க ஆரம்பித்திருந்தது. அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அங்காயி, என்னால முடியலை. நான் நரிகிட்டயே போய் வாங்கிக்கிறேன்னு சொல்லிடறேன். பாதியாவது மிஞ்சும். புள்ளைங்களை இன்னொரு வருஷம் கெழங்கு திங்கச் சொல்ல என்னால ஆகாது."

அங்காயி திட்டவில்லை. அந்த இரும்புக் கையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க பாறை இடுக்குல தோண்டறப்ப பக்கெட்டைத் தரையில வச்சு ஓங்கி அழுத்துவீங்களே, அப்ப டிராக்டரோட பின்பக்கம் மேல தூக்குமே?"

"தூக்கும். அதனால என்ன?"

"அப்படீன்னா டிராக்டரையே தூக்கற கை, தன் பாரத்தைத் தானே தூக்காதா? ஏறி உட்காருங்க சொல்றேன்!"

வேலாண்டி ஒரே தாவலில் ஏறினான். அங்காயி கையின் அடிச்சட்டத்துக்குக் கீழே இரண்டு மரக்கட்டைகளை உருட்டிவிட்டாள். அவன் பக்கெட்டைத் தரையில் ஊன்றி மெல்ல அழுத்தினான். சட்டம் மேலே எழும்பியது. கட்டைகளை இன்னும் உள்ளே தள்ளினாள். அவன் மெதுவாக இறக்க, சட்டம் கட்டைகளின்மேல் உட்கார்ந்தது. முளைகளின்மேல் இருந்த பாரம் விட்டுப்போனது. அங்காயி ஒரு முளையைத் தட்டினாள். வாழைப்பழத்தில் இருந்து ஊசி வருவது மாதிரி வந்தது! அடுத்ததையும் உருவினாள். குழாய்களைப் பிடுங்கிவிட்டு டிராக்டரை முன்னால் நகர்த்தினான் வேலாண்டி. கை கட்டையின்மேல் தனியாக நின்றது.

"கெட்டிக்காரி நீ!" என்று கத்தினான்.

"அது இருக்கட்டும், கலப்பையை எடுங்க!"

கலப்பையை மாட்டி முடிக்கவே பொழுது சாய்ந்துவிட்டது. மூன்றாம் நாள் கிழக்கு வெளுத்ததும் இறங்கினார்கள். வேலாண்டி உழ, பின்னாலேயே அங்காயியும் குட்டிகளும் உழவுச்சாலில் கடலையைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். கீழ் இரண்டு ஏக்கரும் முடிந்தது. மேல் ஏக்கருக்குள் நுழைந்தபோது கலப்பைக்குப் பின்னால் புழுதி எழும்பியது. ஈரம் போய்விட்டது.

வேலாண்டி டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கினான். விதைக்காமல் கிடந்த அந்த ஒரு ஏக்கரைப் பார்க்கப் பார்க்க வெட்கமாக இருந்தது. மூட்டையில் மிஞ்சிய விதைக்கடலையைக் குட்டிகள் ஆசையோடு பார்த்தன. "தின்னுங்கடா" என்றான்.

மறுநாள் நரி எருமைகளோடு ஆடி அசைந்து வந்தான். கட்டையின்மேல் நின்ற கையையும் உழுது கிடந்த நிலத்தையும் கண்டதும் அவன் வால் தொங்கிப்போனது. ஆனாலும் வியாபாரி இல்லையா, வாய் நிற்குமா?

"அட, நீங்களே கழட்டிட்டீங்களா! இனி என்னங்கண்ணா கவலை? மாட்டவும் தெரிஞ்சுது, கழட்டவும் தெரிஞ்சுது. பேசாம வாங்கிப் போட்டுடுங்க. ஒரு வாரத்துல காடே உங்களைத் தேடி வந்துச்சே!"

"வந்துச்சு" என்றான் வேலாண்டி. "நான்தான் என் நெலத்தைத் தேடிப் போகாம இருந்துட்டேன்."

உள்ளே போய் ஒரு முழுத் தேனடையைக் கொண்டுவந்து நரியின் கையில் வைத்தான்.

"என் வாய்க்காலை உன் கைதான் வெட்டுச்சு. இது அந்த ஒரு நாளுக்கு. இன்னொரு வாய்க்கால் வெட்டறப்ப மறுபடியும் ஒரு நாளைக்குக் கேட்பேன். மீதி நாளெல்லாம் அது உன் வீட்டுலயே நிக்கட்டும்!"

"மேல் ஏக்கர் சும்மாதானே கெடக்குது, அங்கயாவது ஒரு குட்டை தோண்டிப் பார்க்கலாமேங்கண்ணா..." என்று நரி இழுத்தான்.

அங்காயி கையில் இருந்த முளையை ஓங்கினாள். எருமைகள் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓட, நரி தேனடையோடு பின்னால் ஓடினான்.

ஒரு நாள் வேலைக்காக ஒரு கருவியைச் சொந்தமாக வாங்குகிறவர், மீதி நாளெல்லாம் தன் வேலையை விட்டுவிட்டு அந்தக் கருவிக்கு வேலை தேடி அலைய வேண்டிவரும்.