ஆளில்லாத பதுங்குகுழி

கதை முடிகிறவரை யாரையும் குற்றம் சொல்லிவிடாதீர்கள். நானே கேட்பேன்; அப்போது சொல்லுங்கள்.

முதல் உலகப் போர் நடந்த காலம். பேரீச்சமரங்களுக்கு நடுவே பெரிய ஆறு ஓடும் ஒரு பாலைநிலம். ஆற்றங்கரை நகரமொன்றில் முற்றுகைக்குள் சிக்கிய படை பட்டினி கிடந்தது. மீட்க வந்த படையை மறித்துக்கொண்டு எதிரியின் நீண்ட பதுங்குகுழி குறுக்கே கிடந்தது. மீட்புப் படையின் ஆங்கிலேயத் தளபதி, முந்தைய சண்டையில் பீரங்கித் துணையில்லாமல் ஆட்களை ஏவிப் பெருவாரியாகப் பறிகொடுத்தவர். இனி அப்படிச் செய்வதில்லை என்று உறுதி கொண்டிருந்தார்.

விடியற்காலையில் வேவு பார்க்கப் போனவர்கள் அந்த மீட்புப் படையின் சிப்பாய்களான சவரிராயனும் சின்னையனும். இருவரும் தஞ்சைப் பக்கம் ஒரே ஊர்க்காரர்கள். மூடுபனியில் நடந்தபோது அவரவர் கால் அவரவருக்கே தெரியவில்லை. குழிக்குள் இறங்கினால் ஓர் ஆளும் இல்லை. அடுப்பில் தேநீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மணல்மூட்டையின் மேல் ஒரு சிட்டு தத்தியது. இருவரும் குழியின் இரு முனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

“நீ போய்ச் சொல்லு. நான் இங்கேயே இருக்கேன்” என்றான் சின்னையன்.

“பார்த்துட்டுத் திரும்பணும்னுதான் உத்தரவு. வா” என்று அவனையும் அழைத்துக்கொண்டு திரும்பினான் சவரிராயன்.

“கனா கினா கண்டியாடா?” என்றார், சேதியைக் கேட்ட அவர்கள் அணித்தலைவர் சுபேதார் வேலாயுத வாண்டையார்.

“இல்லீங்கய்யா. அடுப்புல இன்னும் தணல் இருக்கு. இப்பவே போனா கையை வீசிக்கிட்டுப் போயிடலாம்.”

சுபேதார் ஓடிப்போய்த் தளபதியிடம் சொன்னார். தளபதி பனியையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது பொறியாக இருந்தால்? குறித்த நேரத்தில் பீரங்கி முழங்கட்டும். பிறகு போவோம்.”

தன் ஆட்களோடு உள்ளே போய்விடலாமா என்று சுபேதார் தவித்தார். போனால் சொந்தப் பீரங்கிக் குண்டே தலையில் விழும். போகவில்லை. ஆட்கள் இளவெயிலில் கண்ணயர்ந்தார்கள். பனி கலைந்து கானல் எழுந்தது. பதுங்குகுழி தண்ணீரில் மிதப்பதுபோல் தெரிந்தது.

பிறகு பீரங்கிகள் முழங்கின, ஆளில்லாத குழியின்மேல். அன்றைக்குத் தாக்குதல் வராது என்று எண்ணிப் பின்னால் ஆற்றோரம் ஒதுங்கியிருந்த எதிரிகள் அந்தச் சத்தத்தில் உஷாராகி, அது ஓய்ந்ததும் ஓடிவந்து குழியை நிரப்பினார்கள். உச்சிவெயிலில் தாக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மறைய ஒரு புதர்கூட இல்லாத வெளி. கானலுக்குள் நடந்து போனவர்கள் அதற்குள்ளேயே வரிசை வரிசையாகச் சாய்ந்தார்கள். முன்னால் போன வாண்டையார் திரும்பவில்லை. சின்னையனும் திரும்பவில்லை. குடிக்கத் தண்ணீரின்றி மிச்சப் படை பின்வாங்கியது. நகரத்தில் இருந்தவர்கள் கடைசிக் குதிரையையும் தின்றுவிட்டுச் சரணடைந்தார்கள்.

இப்போது சொல்லுங்கள். காத்திருந்த தளபதி, கீழ்ப்படிந்த சுபேதார், குழியை விட்டுத் திரும்பிய சவரிராயன். இத்தனை சாவுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

விடை: தளபதிதான். சவரிராயன் அங்கேயே தங்கியிருந்தாலும், சுபேதார் உள்ளே புகுந்திருந்தாலும், பீரங்கி நின்றிருக்காது. அதை நிறுத்தும் சொல் ஒருவர் வாயில் மட்டுமே இருந்தது. பொறி என்று ஐயப்பட்டவர் இன்னும் நாலு பேரை அனுப்பிப் பார்த்திருக்கலாம், பொழுது இருந்தது. முந்தைய தோல்விக்குப் பயந்து, கண்ணெதிரே திறந்து கிடந்த வழியை அவர் நம்பவில்லை. ஆனால் அவர் பதக்கங்களோடு ஓய்வுபெற்று நிம்மதியாகத் தூங்கினார். சவரிராயன்தான் சாகும்வரை, சின்னையனின் தாய் குடியிருந்த தெருவைத் தவிர்த்து, வயல் வழியே சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.