பதினோரு தடவை அறுந்த வயர்

"மேடம், திரும்பவும் வயரு அந்துட்டு."

ஆவுடையப்பன் வாசலிலேயே நின்று சொன்னார். கையில் வயர் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன்.

ஜமீலா மேடம் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எத்தனாவது தடவை சார்?"

"பதினொண்ணு."

ஆள் யாரென்று சொல்லிவிடுகிறேன். ஆவுடையப்பனுக்கு வயது நாற்பத்தொன்பது. தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருஷமாக இயற்பியல் நடத்துகிறவர். டாக்டர் பட்டம் வாங்கியே தீருவது என்று லீவு போட்டுவிட்டு இந்த ஆய்வகத்துக்கு வந்திருக்கிறார். அவருக்கு வழிகாட்டுகிற ஜமீலா மேடம் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். இவர் மேடம் என்பார், அந்தம்மா சார் என்பார். அதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

சங்கடம் வேறே. வெள்ளிக்கிழமையோடு லீவு முடிகிறது. திரவ ஹீலியம் இருப்பதோ கடைசி ஒரு கேன். அது தீர்ந்தால் ஆய்வு அம்பேல்.

நகக்கண் அளவு ஒரு சிப். அதற்குள் எலெக்ட்ரான்கள் ஒரே தளத்தில்தான் ஓடும், மேலே கீழே போக வழி கிடையாது. அந்தச் சிப்பை ஹீலியத்தில் குளிரவைத்து, மைக்ரோவேவைப் பாய்ச்சி, காந்தப்புலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். ஏற்ற ஏற்ற மின்தடை கூடும், குறையும், மறுபடி கூடும். திரையில் கோடு அலை அலையாக வரும். அந்த அலையை அளப்பதுதான் அவருடைய ஆய்வு.

நன்றாகத்தான் வரும். ஓரிடத்துக்கு வந்ததும் பள்ளத்தில் இறங்கி, பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்புறம் அசைவே இருக்காது.

சிப்பிலிருந்து வருகிற வயர் அறுந்தால் சிக்னல் வராது, கோடு பூஜ்யத்தில்தான் கிடக்கும். ஐயோ போச்சே என்று உடனே மீட்டரை அணைத்துவிட்டுக் காந்தத்தை இறக்கிவிடுவார். சிப்பை வெளியே எடுத்துப் பார்த்தால் வயர் ஒழுங்காகவே இருக்கும். குளிரில் சுருங்கி விட்டுப்போகிறது, வெளியே எடுத்ததும் ஒட்டிக்கொள்கிறது என்று அவருக்கு ஒரு கணக்கு. பழைய சால்டரை வழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக வைப்பார். திரும்பக் குளிரவைப்பார். மூன்று வாரமாக இதே பாடு. மனுஷனுக்குத் தலை கிறுகிறுத்துப்போய்விட்டது.

"எந்த இடத்துல அறுந்துது சார்?"

"அதே இடம்தான் மேடம். கால் டெஸ்லாவுக்குக் கொஞ்சம் முன்னால. ஒரு தடவைகூட மாறலை. என்ன எழவு வயரோ, எனக்கு ஒண்ணுமே ஓடலை."

"சிப்பை வெளிய எடுத்தாச்சா?"

"இனிமேத்தான் எடுக்கணும். காந்தத்தைக்கூட இன்னும் இறக்கலை, மீட்டரும் ஓடிட்டுத்தான் இருக்கு."

மேடம் எழுந்து வந்தார். அவர் கையிலிருந்த அயர்னை வாங்கினார். பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"காந்தத்தை ஏத்துங்க."

"வயரே அந்து கெடக்கு மேடம். ஏத்தி என்னத்தப் பாக்க?"

"ஏத்துங்க சார்."

ஆவுடையப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடைசிக் கேன். இந்தம்மாவுக்கு என்ன, உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிவிடலாம். வந்ததை விழுங்கிக்கொண்டு கருவிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். மேடமும் பின்னாலேயே வந்து நின்றார்.

ஏற்றினார். கோடு கிடந்த இடத்திலேயே கிடந்தது.

ஹீலியம் காட்டும் முள் இறங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தீயளா?" என்றார்.

"இன்னும் ஏத்துங்க."

ஏற்றினார். அழுகை வரும்போல இருந்தது.

கோடு லேசாகத் தலையைத் தூக்கியது.

அப்புறம் விறுவிறுவென்று ஏறியது. ஏறி, ஒரு பெரிய அலையாக எழுந்து நின்றது.

ஆவுடையப்பன் காந்தத்தைக் கொஞ்சம் இறக்கினார். கோடு மறுபடி பூஜ்யத்தில் படுத்தது. ஏற்றினார். எழுந்தது. இறக்கினார். படுத்தது. குளிர் இருந்தபடியே இருக்கிறது. சிப்பை யாரும் தொடவில்லை.

"மேடம்..." திரையைக் காட்டினார். "இப்ப இந்த வயரை யாரு ஒட்டவச்சா?"

மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சார், வெளிநாட்டு லேப்காரங்க கட்டுரையில பூஜ்யத்துல படுக்குற இதே கோடு வருது. வகுப்புல என்னன்னு சொல்லிக்கொடுப்பீங்க?"

"மின்தடையே இல்லாமப் போயிட்டுன்னு சொல்லுவேன். அவ்வளவு சுத்தமான சிப்பு, அவ்வளவு அருமையான அளவுன்னு சொல்லுவேன். எத்தனை வருஷமாச் சொல்லிட்டு இருக்கேன்!"

"சரி. உங்க சிப்புல வந்தா?"

"வயரு..." என்று ஆரம்பித்தவர், தன் நோட்டை இழுத்து, வயர் அறுந்தது என்று எழுதியிருந்த பதினோரு இடத்தையும் அடித்துவிட்டு, மின்தடை பூஜ்யம் என்று எழுதினார்.