கொக்கின் இணையதளமும் குளத்துவாசியின் பாராட்டும்

ஆலங்காட்டுக் குளக்கரையில் சடாட்சரம் என்றொரு கொக்கு இருந்தது. மீன் பிடிப்பதில் அதற்கு ஒரு தனி வழி உண்டு. இறகுத் துணுக்கைப் புல்லால் கட்டி, ஈ மாதிரி ஒரு பொய்ப்பூச்சி செய்யும். அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டு ஒற்றைக் காலில் நிற்கும். ஈ என்று நம்பி மேலே வரும் மீன், அதற்குப் பிறகு எதையும் நம்பும் நிலையில் இருக்காது.

அதே கரையில் பவளாயி என்ற செம்பருந்தும் இருந்தது. புயலில் கிளை விழுந்து அதன் இறக்கை மடங்கிப்போனது. மேலிருந்து பாய்ந்து மீன் பிடிக்க இனி முடியாது.

"நின்ற இடத்தில் பிடிக்கப் பழகினால்தான் நான் பிழைப்பேன், அண்ணே" என்றது பருந்து.

"கவலைப்படாதே தங்கச்சி. உன்னைப் போலப் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஓர் இணையதளமே தொடங்கிவிடுகிறேன்" என்றது கொக்கு.

அந்தக் காட்டில் எல்லோரிடமும் போன் இருந்தது. சுற்றுலா வந்தவர்களிடம் குரங்குகள் பறித்தவை பாதி. படகிலிருந்து கைதவறித் தண்ணீரில் விழுந்தவை மீதி. கொக்குக்கு ஏது போன் என்று கேட்பவர்கள், பேசுகிற கொக்கை மட்டும் எப்படி ஒப்புக்கொண்டார்கள் என்று எனக்குச் சொல்லட்டும்.

கொக்கு முதல் பாடத்தை எழுதியது. முகப்பில் தன் படத்தைப் போட்டது. கழுத்து கம்பீரமாகத் தெரியவேண்டும் என்று அந்த ஒரு படத்துக்கே அரை நாள் ஆனது. அடியில், 'உங்கள் கருத்தைத் தயங்காமல் சொல்லுங்கள்' என்று எழுதிவிட்டு, போனையே பார்த்துக்கொண்டு நின்றது.

கருத்துகள் வந்தன. 'படத்தில் தோகை குறைவு' என்றது மயில். 'நிறம் நன்றாக இருக்கிறது. நான் படிக்கவில்லை' என்றது எருமை. குரங்கு ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பியது.

பிறகு 'குளத்துவாசி' என்ற பெயரில் ஒரு கருத்து வந்தது. 'ஐயா, இப்படி யாரும் எழுதியதில்லை. குடும்பத்தோடு படித்தோம். குழந்தைகளுக்கும் வாசித்துக் காட்டினோம். ஒரே ஒரு குறை. பொய்ப்பூச்சிக்கும் நிஜப் பூச்சிக்கும் என்ன வித்தியாசம் என்று எழுதவில்லையே.'

"இவரல்லவா வாசகர்!" என்றது கொக்கு. அன்றே அடுத்த பாடம் எழுதியது. பொய்ப்பூச்சிக்குக் கால் அசையாது, வயிற்றடியில் முடிச்சு தெரியும் என்று விளக்கியது.

'தெய்வமே, நீங்கள் எந்தக் கரையில் நிற்பீர்கள்?' என்று கேட்டது குளத்துவாசி. கொக்கு வரைபடமே போட்டது. எழுதுகிறவர்களின் தலை கனப்பது எல்லாக் காட்டிலும் உண்டு. இந்தக் கதையை எழுதுகிற என் கழுத்தும் தலைக்கனத்தைத் தாங்கித்தான் வளைந்துபோனது.

ஒரு நாள் பவளாயி இறக்கையை இழுத்துக்கொண்டு வந்தது.

"அண்ணே, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் பாடம் படித்தபோது ஒரு கெண்டை கிடைத்தது. நீங்கள் எழுத எழுத மீன் குறைகிறது. இப்போது ஒன்றுமே கிடைப்பதில்லை."

"உனக்குக் கை பழகவில்லை."

"எனக்கு ஏது கை?"

"சரி, கால் பழகவில்லை. ஊரே பாராட்டுகிறது, நீ ஒருத்தி குறை சொல்கிறாய்."

"பாராட்டுகிறவர்களில் மீன் பிடித்தவர் யாராவது உண்டா, அண்ணே?"

கொக்கு போனை எடுத்தது. தளத்தில் பவளாயி இதையே கருத்தாக எழுதியிருந்தது. அதைக் கொக்கு அழித்துவிட்டது.

பாடம் எழுதுவதிலும் பதில் போடுவதிலும் கொக்கு தன் சாப்பாட்டை மறந்திருந்தது. கடைசியில் வயிறு கூப்பாடு போடவே குளத்தில் இறங்கி, பொய்ப்பூச்சியை மிதக்கவிட்டு நின்றது.

ஒரு விரால் மீன் தன் குஞ்சுகளோடு மேலே வந்தது. பூச்சியைச் சுற்றி வந்து அடிவயிற்றைப் பார்த்தது.

"பாருங்கள் பிள்ளைகளா, கால் அசைகிறதா? முடிச்சு தெரிகிறதா? இதைத்தான் ஐயா எழுதியிருந்தார்." பிறகு கொக்கை நிமிர்ந்து பார்த்தது. "அடடே, ஐயாவே நிற்கிறார். வரைபடத்தில் போட்ட அதே இடம். சொன்ன சொல் தவறாதவர்."

"நீதான் குளத்துவாசியா?" என்றது கொக்கு.

"அடியேன்தான். அடுத்த பாடம் எப்போது ஐயா?" கொக்கு கழுத்தை நீட்டுவதற்குள் விரால் ஆழத்துக்குப் போய்விட்டது.

கொக்கு நேராகப் பவளாயியிடம் போனது. பருந்து பசியில் கண் செருகிக் கிடந்தது.

"தங்கச்சி, இவ்வளவு நீளமான கழுத்து இருந்தால், வயிற்றுக்குத் தெரிந்தது மூளைக்குப் போய்ச்சேர நாளாகும் போலிருக்கிறது. உனக்கு எழுதுவதாக நினைத்து மீன்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியிருக்கிறேன். உண்மையைச் சொன்ன ஒரே கருத்தை அழித்தும் விட்டேன்."

"தளத்தையே அழித்துவிடப் போகிறீர்களா?"

"அழித்தால் என் ஒரே வாசகன் வருத்தப்படுவான். இன்னொரு பாடம் எழுதுகிறேன். நீ தெற்குக் கரையில் பழைய பொய்ப்பூச்சியை மிதக்கவிட்டு, ஆகாயத்தாமரை மறைவில் போய் நில்."

கொக்கு எழுதியது: 'முக்கியத் திருத்தம். இனி நான் வடக்குக் கரையில்தான் நிற்பேன். என் புதுப் பொய்ப்பூச்சிக்குக் கால் அசையும். அசையாமல் மிதப்பதெல்லாம் நிஜப் பூச்சி.'

"ஐயா எழுதியதில் இதுவரை ஒரு பிழையும் கிடையாது" என்று மீன்கள் மொத்தமும் தெற்குக் கரைக்கு வந்தன. அசையாத பூச்சியை ஆசையாகக் கவ்வின. பவளாயி மறைவிலிருந்து காலை நீட்டியது. அன்று அது வயிறு நிறையச் சாப்பிட்டது. அது போதும் என்ற பிறகுதான் கொக்கு தன் இரைக்கு அலகைத் திறந்தது.

இருவரும் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. குளத்துவாசி எழுதியிருந்தது: 'ஐயா, கடைசிப் பாடத்தில் தகவல் பிழை இருக்கிறது. காலையிலிருந்து என் மைத்துனரைக் காணவில்லை.'

"என்ன பதில் போடட்டும்?" என்றது கொக்கு.

பவளாயி அலகைத் துடைத்துக்கொண்டது. "கருத்துக்கு நன்றி என்று போடுங்கள், அண்ணே."

புகழ்கிறவர் எதற்காகப் புகழ்கிறார், குறை சொல்கிறவர் எந்தப் பசியில் சொல்கிறார் என்று பார்க்காமல் கருத்துக் கேட்பவன், தன் இரைக்கே பாடம் நடத்துவான்.